பக்கத்து சீட்டுக்காரரின் வலது கால்

இந்த ஊரில் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். மீதிப் பேர் வேறு டிரைவிங் ஸ்கூலில் படித்தவர்கள். அவர்கள் வளைவில் திரும்புகிற லட்சணத்திலேயே அது தெரிந்துவிடும். இதை மாஸ்டர்தான் சொல்வார். தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதையும் அவரே கூடச் சேர்த்துச் சொல்லிவிடுவார். அடுத்தவருக்கு அந்த வேலையை வைக்க மாட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வாசல் வரைக்கும் போனவர். உள்ளே நுழையவில்லை. லாரியில் கிளீனராக ஏறி, சக்கரம் கழுவி, ஜாக்கி போட்டு, டிரைவர் கண்ணயர்ந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, அதற்கு அறையும் வாங்கி, அப்படியே படிப்படியாக ஏறி வந்து ஒரு நாள் தன் பெயரில் போர்டு மாட்டினார். இரண்டு கார்கள், ஒரு ஷெட், சுவர் முழுக்க சாலைக் குறியீட்டுப் படங்கள். எல்லாம் சொந்தமாகச் சம்பாதித்தது. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. நோய் வந்தபோதும் அப்படித்தான். எந்த ஸ்கேனிலும் அகப்படாத ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுவந்தார்.

டிரைவிங் ஸ்கூல் காரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்து சீட்டின் அடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் பழகுகிறவர் கையில். ஆக்சிலரேட்டர் பழகுகிறவர் காலில். உயிர் மட்டும் சொல்லிக்கொடுக்கிறவரின் வலது காலில். மாஸ்டரின் கால் அந்த பிரேக்கின் மேலேயே வாழ்ந்த கால். பழக்கம் எங்கே விடும்? பஸ்ஸில் போனால் பஸ் டிரைவருக்கும் சேர்த்து இவர் கால் தரையை அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவின் முன்னால் கிடக்கிற கால்மிதி சுருண்டு போகும். சாப்பாட்டு மேஜையில் அவருடைய மனைவி ஒரு விஷயத்தைத் தொடங்கி நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தால், மேஜைக்கு அடியில் கால் மெல்ல அழுந்தும்.

“இப்ப எதுக்கு எனக்கு பிரேக் போடுறீங்க?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் தொடர்ந்து போவார்.

அப்பேர்ப்பட்ட கால் ஒரு காலை வேளையில் ஷெட்டில் சிந்திக் கிடந்த ஆயிலில் வழுக்கியது. மாஸ்டர் பொத்தென்று உட்கார்ந்தார். முட்டியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். சிராய்ப்பு ஆறியது. கால் திரும்பவில்லை. முட்டிக்குக் கீழே மரத்துப் போய், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சொந்தக்காரனைக் கையைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி, அவருக்குப் பின்னாலேயே இழுபட்டு வந்தது. பிரேக்கின் மேல் தூக்கி வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. அழுத்து என்றால் அழுத்தவில்லை.

இது நடந்த நேரம் சரியில்லாத நேரம். சொல்லிக்கொடுப்பதற்கான லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டிய தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். அதோடு லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வண்டியில் ஏறி, பக்கத்து சீட்டு பிரேக்கை இவர் போடுகிறாரா என்று பார்ப்பார். போடாவிட்டால் பக்கத்து சீட்டு இவருக்கு இல்லை. அந்த சீட்டில் உட்கார மாப்பிள்ளை தயாராக இருந்தார். மகளைக் கட்டியவர், நல்ல பையன், கெட்ட பழக்கம் ஒன்றுதான்: கியர் இல்லாத கார்தான் ஓட்டுவார், அதையும் ஒரே கையால்.

“மாமா, இனிமே யாரு கிளட்ச் மிதிக்கப் போறாங்க? எல்லாத்தையும் கியர் இல்லாத வண்டியா மாத்திடலாம். நீங்க ஆபீஸ்ல உட்கார்ந்து மேற்பார்வை பாருங்க” என்றார் மாப்பிள்ளை.

மேற்பார்வை என்றால் என்னவென்று மாஸ்டருக்குத் தெரியும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நாற்காலி காட்டுவது. அவருக்குத் தெரிந்த ஒரு லாரி முதலாளி அப்படி மேற்பார்வை பார்க்க உட்கார்ந்து, ஆறு மாதத்தில் தன் சொந்த ஆபீஸிலேயே யார் என்று கேட்கப்பட்டார்.

நரம்பு டாக்டர் எல்லா ஸ்கேனையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பு சுத்தம், மூளை சுத்தம். பிறகு மாஸ்டரைப் படுக்க வைத்து, வலது குதிகாலுக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வலது காலை அழுத்தச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. சரி, அதை விடுங்கள், இடது காலை மேலே தூக்குங்கள் என்றார். மாஸ்டர் தூக்கினார்.

“இப்ப உங்க வலது கால் என் கையை நல்லா அமுக்குச்சு, தெரியுமா?” என்றார் டாக்டர்.

மாஸ்டருக்குத் தெரியவில்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். வயர் எங்கும் அறுந்து போகவில்லை. கால் நகர வேண்டும் என்று இவர் நினைக்கும்போது அந்த உத்தரவு போகிற வழியில் குழப்பம் வந்துவிடுகிறது. நினைக்காதபோது ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. இது நடிப்பு இல்லை, நிஜமான நோய்தான், நிறையப் பேருக்கு வருகிறது, சரியாகவும் ஆகிறது. உடற்பயிற்சியோடு சேர்த்து ஹிப்னாடிச சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கலாம், இதே ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார்.

இவ்வளவு பேச்சில் மாஸ்டர் காதில் விழுந்தது ஒரே சொல். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். வசியமாம். லாரியையே வசியம் பண்ணி மலை ஏற்றியவனைப் போய் வசியம் பண்ணுவார்களாம். “என்னை மயக்க ஒருத்தர் இனிமே பிறந்து வரணும்” என்றார்.

“நானும் கல்யாணமான நாள்லேர்ந்து முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன்” என்றார் மனைவி.

டாக்டரம்மாவின் அறையைப் பார்த்ததும் மாஸ்டருக்குச் சப்பென்று போய்விட்டது. இருட்டு இல்லை. ஆடுகிற கடிகாரம் இல்லை. சாதாரண மேஜை, கீழே சக்கரம் வைத்த நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி. டாக்டரம்மா அவருடைய மகளைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். தூங்க வேண்டியதில்லை, நினைவு தப்பாது, பிடிக்காத எதையும் செய்ய வைக்க முடியாது, கண்ணை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள், அவ்வளவுதான். மாஸ்டர் பெருந்தன்மையாகத் தலையாட்டிக் கண்ணை மூடினார். டாக்டரம்மா ஒரு கடற்கரையைக் காட்டினார். மாஸ்டர் மின்விசிறியின் கிறீச்சில் எந்த பேரிங் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார். படிக்கட்டில் மெதுவாகக் கீழே இறங்கச் சொன்னார். கால் வராதவனைப் படியிறங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று மாஸ்டர் மனசுக்குள் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து மனைவியிடம், பாவம், நல்ல பொண்ணு, ஆனால் என்னிடம் பலிக்கவில்லை என்றார்.

அடுத்த முறை டாக்டரம்மா கடலையும் படியையும் விட்டுவிட்டு, உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். கேட்க வேண்டுமா? கிளட்ச்சில் தொடங்கி, கண்ணாடி பார்ப்பது, வளைவு, பின்னால் எடுப்பது என்று மாஸ்டர் ஒரு முழுப் பாடம் நடத்தி முடித்தார். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, சரி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நீங்கள் பக்கத்து சீட்டில் இருக்கிறீர்கள், வேறு யாரோ ஓட்டுகிறார்கள் என்று மெதுவாக ஆரம்பித்தார். சாயங்கால வெயில். ரோட்டில் கூட்டம் இல்லை. ஜன்னலில் காற்று. வண்டி ஒரு மேட்டில் ஏறி நிற்கிறது, எதிரே நீளமாக இறக்கம். மாஸ்டரின் தோள் தளர்ந்தது. மூச்சு சீராகியது.

“இப்ப வண்டி இறக்கத்துல இறங்குது. நியூட்ரல்ல, தானா, சுகமா உருண்டு போகுது” என்றார் டாக்டரம்மா.

தடாரென்று சத்தம். மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்திருந்தது. மிதித்த வேகத்தில் நாற்காலி பின்னால் ஓடிச் சுவரில் முட்டியது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“கியரைப் போடுங்க. இறக்கத்துல எவனாவது நியூட்ரல் போடுவானா?”

“யாரு ஓட்டுறாங்க, மாஸ்டர்?”

“வேற யாரு, மாப்பிள்ளைதான்” என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். குனிந்து காலைப் பார்த்தார். அது பாதம் முழுக்கத் தரையில் பதிந்து, தொடை இறுகி, அந்தக் காலத்துக் கால் மாதிரியே நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பழைய கடன்காரனைக் கண்ட ஆள் மாதிரி நழுவி, மறுபடி தொளதொளவென்று ஆகிவிட்டது.

“நீங்க காலைப் பார்த்தா அது நின்னுடுது. ரோட்டைப் பார்த்தா வேலை செய்யுது. இதைத்தான் நம்ம பிடிச்சுக்கணும்” என்றார் டாக்டரம்மா.

மாஸ்டர் இந்த விளக்கத்தைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு வேறொரு உண்மை புரிந்துவிட்டது. எவ்வளவு படித்து என்ன, அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. இறக்கத்தில் எந்த கியர் என்று தெரியாத ஆளை எப்படி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்? வீட்டில் வந்து ஆதியோடந்தமாகச் சொன்னார். ஹிப்னாடிசமெல்லாம் தனக்கு ஏறவில்லை, தப்பாக ஓட்டியதைத் திருத்தினேன், தொழில் தர்மம், கால் அதுவாக வந்தது என்றார்.

அதன் பிறகு நடந்த ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா படுமோசமாக ஓட்டினார். வளைவில் முந்தினார். சிக்னல் போடாமல் திரும்பினார். கண்ணாடி பார்க்காமல் பின்னால் எடுத்தார். ஒரு தடவை பள்ளிக்கூட வாசலில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். மாஸ்டர் கண்ணை மூடிய நிலையில் வியர்த்து விறுவிறுத்து, மிதித்து மிதித்துத் திருத்தினார். நடைப்பயிற்சி அறையிலும் இதே உத்திதான். ஷெட்டிலிருந்து லைசென்ஸ் ஆபீஸ் வரைக்கும் வழியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவர் நடப்பார். சொல்லிக்கொண்டிருக்கும் வரை கால் கூட வரும். ஊன்றுகோல் பேருக்குக் கையில் இருந்தது. கியர் இல்லாத கார் விஷயத்தை மாப்பிள்ளை கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். மாஸ்டருக்கு டாக்டரம்மா மேல் ஒரு இரக்கமே வந்துவிட்டது. கால் சரியானதும் உங்களுக்கு நானே சும்மா கற்றுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். டாக்டரம்மா ரொம்ப நன்றி என்றார்.

ஒரு நாள் மாஸ்டரும் மனைவியும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி நிறுத்துமிடத்தை மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. ஒரு தூணுக்கும் ஒரு ஆம்புலன்ஸுக்கும் நடுவில் குறுகலாக ஒரு இடம் காலியாக இருந்தது. கார் ஒன்று வந்தது. நின்று, அளவு பார்த்து, ஒரே வீச்சில் பின்னாலேயே போய், இரண்டு பக்கமும் கை அகலம் விட்டு அச்சடித்த மாதிரி நின்றது.

மாஸ்டர் பெஞ்சைத் தட்டினார். “பாத்தியா? இப்படி எடுக்கணும். யாரு கிட்ட கத்துக்கிட்டானோ, நல்லா சொல்லிக் கொடுத்திருக்கான்.”

கதவு திறந்தது. டாக்டரம்மா இறங்கினார்.

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவருக்கு இது முதல் வாரத்திலேயே தெரியும்.

உள்ளே போனதும் மாஸ்டர் உட்காரவில்லை. ஊன்றுகோலைப் பிடித்து நின்றபடியே, வண்டி ஓட்டத் தெரியாது என்று எதற்காகப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

“தெரியாதுன்னு நான் எப்பவும் சொல்லலையே, மாஸ்டர்.”

“அப்ப அந்த நியூட்ரல்?”

“கடலைக் காட்டினேன், நீங்க வரலை. படிக்கட்டைக் காட்டினேன், வரலை. உங்களுக்குக் கோபம் வர்ற இடத்துக்குத்தான் வருவீங்கன்னு தோணுச்சு. வந்தீங்க.”

“நான் வசியப்பட்டுட்டேன்னு சொல்றீங்க.”

“நீங்க என் பேச்சைக் கேட்டு ஒரு ரோட்டைப் பார்த்தீங்க. அந்த ரோட்டுல உங்க கால் வேலை செஞ்சுது. அதுக்கு நீங்க என்ன பேர் வேணாலும் வைங்க.”

அதற்கு ஒரு பேர்தான் மாஸ்டருக்குத் தெரியும்: தோல்வி. விறுக்கென்று திரும்பி வெளியே நடக்கப் பார்த்தார். இடது கால் திரும்பியது. வலது கால் அறையிலேயே நின்றுவிட்டது. கோபமாக வெளியேறுவது என்பது அவருக்கு நன்றாக வருகிற ஒன்று. அன்றைக்கு அதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மனைவி ஒரு பக்கம் தாங்க, மெதுவாகச் செய்ய வேண்டியதாயிற்று.

அதோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்தினார். கால் மறுபடியும் பழைய கதைக்குப் போனது, முன்னைவிட மோசமாக. வழியை வாய்விட்டுச் சொன்னால், இது அந்த அம்மா சொல்லிக்கொடுத்த தந்திரம் என்று ஞாபகம் வரும். ஞாபகம் வந்ததும் கால் நிற்கும். இன்ஸ்பெக்டர் வருகிற தேதி காலண்டரில் வந்து உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளை, சும்மா பார்ப்பதற்காக என்று சொல்லி, கியர் இல்லாத கார் ஒன்றை ஷெட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். புது போர்டுக்கு என்ன நிறம் வைக்கலாம் என்று மகளிடம் அவர் கேட்டது மாஸ்டர் காதில் விழுந்தது. மாஸ்டர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, “பெரியவரே, ஓனர் இல்லையா?” என்று கேட்டார்.

அன்று சாப்பிடும்போது மனைவி பேச ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு மேஜைக்கு அடியிலும் இப்போது ஒன்றும் இல்லை.

“ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. யாருக்கும் மயங்காத ஆளா இந்த நாற்காலியிலயே உட்காரப் போறீங்களா? இல்ல, ஒரு பொண்ணு பேச்சுக்கு மயங்கின ஆளா உங்க சீட்ல போய் உட்காரப் போறீங்களா? ரெண்டும் உங்களுக்குக் கிடைக்காது. எதுன்னு சொல்லிட்டீங்கன்னா நானும் அதுக்கேத்த மாதிரி இருந்துக்குவேன்.”

மாஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்து வெகுநேரம் ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தார். தோற்றுப் போய்த் திரும்பிப் போவது அவர் வாழ்க்கையில் இல்லை. ஆனால் அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார்: முட்டுச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் ரிவர்ஸ் எடுப்பதில் ஒரு அவமானமும் இல்லை, கண்ணாடியைப் பார்த்து எடுத்தால் போதும். தன் பேச்சைத் தானே கேட்பதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் கிடையாது என்று முடிவு செய்தார்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் நிபந்தனையோடு போனார். உங்கள் ரோடு சரியில்லை. வளைவு எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியவில்லை. இனிமேல் ரோட்டை நான்தான் சொல்வேன், ஓட்டுகிறவன் யார் என்பதையும் நான்தான் முடிவு செய்வேன், நீங்கள் குறுக்கே பேசக் கூடாது.

“சரி, மாஸ்டர்” என்றார் டாக்டரம்மா, பேனாவை மூடி வைத்துவிட்டு.

மாஸ்டர் தானே கண்ணை மூடினார். தானே மூச்சை இழுத்து விட்டார். ஷெட் கதவைத் திறந்தார். பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் முதலில் மாப்பிள்ளையை வைத்தார். அது ரொம்பச் சுலபமாக இருந்ததால் இறக்கிவிட்டு, கைநடுங்குகிற ஒரு பேங்க் மேனேஜரை உட்கார வைத்தார். ஒவ்வொரு திருப்பத்தையும் ஒவ்வொரு பள்ளத்தையும் அவரே சொன்னார். டாக்டரம்மா அவ்வப்போது ‘ம்’ கொட்டியதோடு சரி. முடித்துக் கண்ணைத் திறந்தபோது மாஸ்டர் காலைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி எழுந்தார். கால் கூடவே எழுந்தது. இதை வீட்டிலும் தினமும் செய்யுங்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு தனியாக மனைவியிடம், முதல் நாளிலிருந்தே இவர் இதைத் தானாகச் செய்ய வேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன், என் வேலை பாதி முடிந்தது என்று சொன்னார். இதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசாமலேயே ஒத்துக்கொண்டார்கள்.

பிசகாமல் எல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. சில நாள் கால் வந்தது, சில நாள் முரண்டு பிடித்தது. தேதி ஒரு தடவை தள்ளிப் போடப்பட்டது. நரம்பு டாக்டர் தானே காரில் ஏறிப் பலமுறை சோதித்துப் பார்த்த பிறகுதான் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அரசாங்கக் காரில், அரசாங்க டிரைவரோடு வந்து இறங்கினார். ஸ்டியரிங்கைத் தொட்டு வெகு காலம் ஆன மனிதர் என்பது அவர் சீட் பெல்ட்டைத் தேடிய விதத்திலேயே மாஸ்டருக்குப் புரிந்தது. பழகுகிறவர் சீட்டில் அவரே உட்கார்ந்து, கடைத்தெருவில் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓட்டிப் போனார். பிறகு மாஸ்டருடைய கால் எப்படி இருக்கிறது என்று அதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, ஒரு சந்துக்குள் பார்க்காமலே திரும்பினார். எதிரே பால் வண்டி.

கார் குலுங்கி நின்றது. இன்ஸ்பெக்டரின் கண்ணாடி மூக்கிலிருந்து மடியில் விழுந்தது. பால் வண்டிக்காரன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனான்.

“நான் போடச் சொல்லலையே” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நீங்க போடலை, சார். அதனால போட்டேன்” என்றார் மாஸ்டர். அடக்க முடியாமல், “திரும்புறதுக்கு முன்னாடி ரோட்டைப் பார்க்கணும், பக்கத்துல இருக்கிறவன் காலைப் பார்க்கக் கூடாது” என்றும் சேர்த்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஷெட்டுக்குத் திரும்பும்போது பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார். கியர் இல்லாத கார் திரும்பிப் போனது. மாப்பிள்ளை இப்போது கிளட்ச் பழகுகிறார்.

மாஸ்டரைக் கேட்டால், அந்த வசிய வைத்தியம் தன்னிடம் பலிக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வார். எவ்வளவோ முயன்று பார்த்தார்களாம், இவர் மயங்கவே இல்லையாம், கடைசியில் பொறுக்க முடியாமல் தானே தன்னைக் குணப்படுத்திக்கொண்டாராம். இந்தக் கதையில் மறுக்க எதுவும் இல்லை என்று டாக்டரம்மாவும் சொல்கிறார்.

தினமும் காலையில் ஷெட் திறந்ததும், பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தி, கண்ணை மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். பழக வந்தவர்கள் வெளியே காத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒரு நாள், மாஸ்டர் என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

“இன்ஜின் சத்தம் கேக்குறார்” என்றார் மனைவி.

“வண்டி ஆஃப்ல தானேம்மா இருக்கு?”

“நமக்குத்தான் ஆஃப். நீ சத்தம் போடாம உட்காரு.”